சிறுகோட்டுக்கு எவ்வளவு கொடுப்பது?

பிரான்சில் பிள்ளை வீட்டில் இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் நம் புதுச்சேரி நண்பர்கள், புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னால் என்னைக் கூப்பிடுவார்கள். "பூர்கோஞ் சிவப்பு ஒயின் ரெண்டு பாட்டில் எடுத்துட்டு வரலாம்னு இருக்கேன் சார், எதை வாங்கட்டும்?" ஏன் இரண்டு என்றால், நம் சுங்கத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரைதான் வரி இல்லை. முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டோடு கணக்கு முடிந்துவிடும். டிஜோனில் 24 வருடம் வேலை பார்த்தவன் என்பதால் கேள்வி என்னிடம் வருகிறது. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஒயின் பக்கமே போகாதவர்களும், மருத்துவர் வேண்டாம் என்று சொன்னவர்களும் இந்த வாரத்தை விட்டுவிடலாம். இரவுச் சாப்பாட்டோடு ஒரு சின்னக் கிளாஸ் என்று நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

என் அபிப்பிராயம் இதுதான். ழெவ்ரே-ஷாம்பெர்தேன், ஷாம்போல்-முசிஞி, வோன்-ரொமானே என்று இரட்டைப் பெயர் வைத்துக்கொண்ட ஊர்களின் சாதாரண பாட்டிலை நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள் வாங்க வேண்டியதில்லை. அதே பணத்தில், பல சமயம் அதில் பாதியில், சாந்த்னே, மோந்தெலி, ழிவ்ரி, மார்சனே, ஃபிசேன் போன்ற ஊர்களின் மிக நல்ல பாட்டில் கிடைக்கும். பூர்கோஞ் என்பது ஆங்கிலத்தில் பர்கண்டி என்று சொல்கிறார்களே, அதேதான்.

அந்த இரட்டைப் பெயர் எப்படி வந்தது என்று தெரிந்தால் பாதி மயக்கம் தீரும். ழெவ்ரே என்பது ஊர். ஷாம்பெர்தேன் என்பது அந்த ஊர்ச் சரிவில் உள்ள ஒரு திராட்சைத் தோட்டம். மொத்தமே 13 ஹெக்டேர் சுமார்தான். தோட்டத்தின் புகழ் ஊரைவிடப் பெரிதாகிவிட்டது. 1847இல் லூயி பிலிப் மன்னரின் அனுமதியோடு ஊர் தன் பெயருக்குப் பின்னால் ஒரு சிறுகோடு போட்டு ஷாம்பெர்தேனைச் சேர்த்துக்கொண்டது. பக்கத்து ஊர்கள் சும்மா இருக்குமா? ஷாம்போல், முசிஞி தோட்டத்தைச் சேர்த்துக்கொண்டது. வோன், ரொமானேயைச் சேர்த்துக்கொண்டது. பெரிய வீட்டில் சம்பந்தம் செய்த பிறகு அந்த வீட்டுப் பெயரையும் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்கிற மாதிரி.

இதனால் வந்த வினை என்னவென்றால், கடைக்குப் போகிறவர் ழெவ்ரே-ஷாம்பெர்தேன் பாட்டிலை எடுத்து ஷாம்பெர்தேனையே வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். அந்த 13 ஹெக்டேருக்கும் அந்தப் பாட்டிலுக்கும் ஒரு தொடர்பும் இருக்க வேண்டிய அவசியமில்லை. அங்கே நான்கு படிகள் உண்டு. கீழே வெறும் பூர்கோஞ். அதன் மேல் ஊர்ப் பெயர் போட்டது. அதற்கு மேல் பிரெமியே க்ரூ, அதாவது ஊருக்குள் நல்ல தோட்டம் என்று பெயர் வாங்கியவை. உச்சியில் கிராந் க்ரூ; மொத்த விளைச்சலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் அது. ஷாம்பெர்தேன் உச்சிப் படி. ழெவ்ரே-ஷாம்பெர்தேன் என்று மட்டும் போட்டிருந்தால் அது கீழிருந்து இரண்டாவது படி.

டிஜோனிலிருந்து போன் நகரம் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போனவர்கள் கவனித்திருக்கலாம். மேற்கே மலைச்சரிவு, கிழக்கே சமவெளி. நல்ல தோட்டமெல்லாம் சரிவின் நடு இடுப்பில், காலை வெயில் விழும் பக்கம். தண்ணீர் வடிந்துவிடும் சுண்ணாம்புக்கல் மண். சாலைக்குக் கிழக்கே போனால் பெரும்பாலும் வெறும் பூர்கோஞ்தான். ஆனால் ழெவ்ரேயில் சாலையைத் தாண்டியும் ஊர்ப் பெயர் போடலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. மலைப் பள்ளத்தாக்கிலிருந்து வந்த சரளை அங்கே விசிறி போலப் பரவியிருப்பதுதான் காரணம் என்பார்கள். இருக்கட்டும். சரிவில் விளைந்ததும் சாலைக்கு அப்பால் விளைந்ததும் ஒரே பெயரில் வருகிறது, ஐம்பது யூரோவுக்கு மேல் விலையும் சொல்கிறார்கள். லேபிளைப் பார்த்து எது எங்கே விளைந்தது என்று நமக்குத் தெரியப்போவதில்லை.

இன்னொரு சிக்கல் பாகப்பிரிவினை. இதை நம்மவர்களுக்கு விளக்கவே வேண்டாம். துறவிகளின் மடத்துக்கும் பிரபுக்களுக்கும் சொந்தமாக இருந்த தோட்டங்களைப் புரட்சியின்போது பறித்து ஏலம் விட்டார்கள். அடுத்து வந்த நெப்போலியன் சட்டம், பிள்ளைகளுக்குச் சம பங்கு என்றது. இருநூறு வருடம் பங்கு பிரித்தால் என்ன ஆகும்? வூழோவில் சிஸ்தேர்சியான் துறவிகள் மதில் கட்டி வளர்த்த தோட்டம் ஒன்று இருக்கிறது, சுமார் 50 ஹெக்டேர். இன்றைக்கு அதற்குச் சுமார் 80 சொந்தக்காரர்கள். ஒருவருக்குச் சில வரிசைச் செடிகள், இன்னொருவருக்கு இன்னும் சில வரிசை. ஒரே மதில், ஒரே பெயர், எண்பது கை. கைக்குக் கை ருசி மாறும். ஆகவே ஊரை மட்டும் பார்த்து வாங்குவது, தெருப் பெயரை மட்டும் பார்த்துப் பெண் எடுப்பதற்குச் சமம்.

இனி நான் சொல்லும் ஊர்களுக்கு வருகிறேன். எல்லாமே ஒரே திராட்சை, பினோ நுவார். ஆனாலும் ஊருக்கு ஊர் குணம் வேறு.

மார்சனே டிஜோனின் வாசலிலேயே இருக்கிறது; நகரத்து டவுன் பஸ்ஸிலேயே போய் வந்திருக்கிறேன். ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்ளும் தகுதி அதற்கு 1987இல்தான் கிடைத்தது. தாமதமாக வந்த பதவி என்பதால் விலையில் இன்னும் தலைக்கனம் ஏறவில்லை. அடுத்தது ஃபிசேன். எழுத்தில் எக்ஸ் இருக்கும், வாயில் 'ச'தான் வரும். கடைக்காரர் முன்னால் சரியாகச் சொன்னால் கொஞ்சம் மரியாதை கூடும். ழெவ்ரேக்குச் சற்று வடக்கே உள்ள ஊர் இது. ஒயினும் அதேபோல் கொஞ்சம் முறுக்கானது, சில வருடம் வைத்திருந்தால் இளகும். நெப்போலியனின் காவல்படையில் இருந்த நுவாசோ என்ற பழைய சொல்தா, தன் பேரரசருக்கு இங்கே ஒரு சிலை வைத்தார். செதுக்கியவர் டிஜோன்காரரான பிரபல சிற்பி ரூத். அதுவும் அதே 1847இல்தான். பக்கத்து ஊர் பெயரை நீட்டிக்கொண்ட வருடம், இந்த ஊர் சிலை திறந்தது. சொல்தா பரம்பரையில் வந்த நம் ஊர்க்காரர்கள் போனால் மறக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள்.

மோந்தெலிதான் எனக்கு மிகப் பிடித்த ஊர். வொல்னேயை ஒட்டி மேட்டில் இருக்கும் சின்ன கிராமம். கொடிக்கு விட்டது போக மண்ணே மிச்சமில்லை. அறுவடைக் காலத்தில் மோந்தெலிக் கோழி பட்டினி கிடந்து சாகும் என்று அந்தப் பக்கத்தில் கேலியாகச் சொல்வார்கள், தானியம் விளைவதே இல்லையாம். வொல்னேயின் மென்மையில் ஒரு பெரும்பங்கு இதிலும் இருக்கிறது. விலை மட்டும் அந்த அளவு இல்லை. வொல்னேக்கும் பொமாருக்கும் பெயரில் சிறுகோடு கிடையாது என்று யாராவது என்னை மடக்கலாம். உண்மைதான். அவை கோடு போடாமலே புகழ் பெற்றுவிட்டன, விலையும் அப்படியே. பொமார் இளசாக இருக்கும்போது துவர்ப்பு அதிகம். ஊருக்கு வந்ததும் திறந்துவிடுகிற நமக்கு அது ஒத்துவராது.

சாந்த்னே தென்கோடியில் இருக்கிறது. கனிமநீர் ஊற்றும் சூதாட்ட விடுதியும் உண்டு. என் மனைவிக்கு முதலாவது பிடிக்கும், இரண்டாவதன் பக்கம் என்னைப் போகவிட்டதில்லை. இங்கே ஒயின் கொஞ்சம் மண்வாசனையோடு, திடமாக இருக்கும். இன்னும் தெற்கே, ஷலோன் நகருக்கு மேற்கே, ழிவ்ரி. முதன்முதலாக பினோ நுவார் குடிப்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். செர்ரிப் பழ வாசனை, துவர்ப்பு குறைவு, காத்திருக்க வேண்டியதில்லை. சவிஞி-லே-போன் என்ற ஊரும் நல்லதுதான். அதில் இரண்டு சிறுகோடு இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். 'லே' என்றால் அருகில் என்று பொருள், போன் நகருக்கு அருகிலுள்ள சவிஞி, அவ்வளவுதான்.

முப்பது வருடம் முன்னால் இந்த ஆலோசனையை இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க முடியாது. மோந்தெலி மாதிரி மேட்டிலும் பக்கப் பள்ளத்தாக்கிலும் உள்ள ஊர்களில் குளிர் அதிகம். பல வருடம் பழம் சரியாகக் கனியாமல் ஒயின் புளிக்கும். இப்போது காலம் மாறிவிட்டது. போன் நகரில் அறுவடை தொடங்கிய தேதிகள் 1354 முதல் கிடைக்கின்றன. அவற்றைத் தொகுத்த ஆய்வாளர்கள், 1988க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முன்னதாகத் தொடங்குகிறது என்று கண்டார்கள். பூமி சூடாவது நல்ல செய்தி இல்லை. 2021 ஏப்ரலில், சீக்கிரம் துளிர்த்துவிட்ட கொடிகளைப் பனி கருக்கிவிட்டது. ஆனால் 2018, 2019, 2020 போன்ற வெயில் வருடங்களில் பெரிய ஊர்களின் ஒயினில் சூடு தெரிகிறபோது, இந்தக் குளிர்ந்த ஊர்கள் அளவாகக் கனிந்திருக்கின்றன. வருடம் பார்த்து வாங்குபவர்கள் 2019, 2020, 2022 மூன்றில் எது கிடைத்தாலும் எடுக்கலாம்.

காசு மிச்சம் என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. பெரிய ஊர்களில் நிலம் என்ன விலை தெரியுமா? கிராந் க்ரூ நிலம் ஒரு ஹெக்டேர் பல மில்லியன் யூரோ. அப்பா இறந்தால் பிள்ளைகள் அந்த மதிப்புக்கு வாரிசு வரி கட்ட வேண்டும். ஒயின் விற்று வருகிற வருமானத்தில் அது முடிகிற காரியமா? விற்றுவிடுகிறார்கள். 2012இல் ழெவ்ரே கோட்டையையும் தோட்டத்தையும் மக்காவ் சூதாட்டத் தொழிலதிபர் ஒருவர் வாங்கினார். மொரே-சேன்-தெனி ஊரில் 2014இல் ஒரு பழைய தோட்டம் கைப்பை, வாசனைத் திரவியம் விற்கும் எல்விஎம்எச் குழுமத்துக்குப் போனது. 2017இல் அதே ஊரின் இன்னொரு தோட்டம், குளோ த தார், பினோ குடும்பத்திடம் போனது. இந்த பினோ திராட்சை இல்லை, கோடீஸ்வரர். அவர்கள் ஒயினைக் கெடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சாந்த்னேயிலும் ழிவ்ரியிலும் இன்னும் கதவைத் தட்டினால், மண் ஒட்டிய பூட்ஸோடு சொந்தக்காரரே வந்து திறக்கிறார். நம் முப்பது யூரோ போய்ச் சேர வேண்டிய இடம் அது என்று நினைக்கிறேன்.

என் பக்கத்து வீட்டு நண்பர் இதை ஒப்புக்கொள்வதில்லை. "பேர் இருந்தாத்தான் சார் மரியாதை. சம்பந்தி வீட்டுக்கு மோந்தெலியைக் கொண்டு போனா யாருக்குத் தெரியும்?" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நல்ல கையில் விளைந்த ஷாம்போல்-முசிஞிக்கு ழிவ்ரி ஈடாகாது. அந்த மணம் வேறு. பணம் இருக்கிறவர், விவசாயியின் பெயர் தெரிந்து, அதை வாங்கட்டும். நான் தடுப்பது, வெறும் பெயருக்காக ஏதோ ஒரு வியாபாரியின் பாட்டிலுக்கு அறுபது யூரோ கொடுப்பதைத்தான். சம்பந்தி வீட்டுக்கே என்றாலும், சாந்த்னே பிரெமியே க்ரூ என்று லேபிளில் இருந்தால் பிரெஞ்சு சம்பந்தி புருவத்தை உயர்த்துவார். பெரிய ஊரின் கடைசிப் படியைவிடச் சின்ன ஊரின் முதல் படி மேல். அதிலும் பல சமயம் விலை குறைவு.

வாங்கும்போது லேபிளின் அடியில் பொடி எழுத்தில் 'மிஸான் பூத்தேய் ஓ தொமேன்' என்று இருக்கிறதா பாருங்கள். விளைவித்தவரே பாட்டிலில் அடைத்தார் என்று அர்த்தம். நல்ல வியாபாரிகளும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களில் யார் நல்லவர் என்று தெரிந்துகொள்ள நமக்கு நேரமில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியுங்கள், பேரப்பிள்ளையிடம் கேட்டாலும் சரி.

இங்கே கொண்டுவந்த பிறகு ஒரு விஷயம். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது அவர்கள் ஊர் அறையை மனதில் வைத்து. பினோ நுவாருக்கு 15, 16 டிகிரி போதும். நம் சித்திரையில் அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினால் கஷாயம் மாதிரி இருக்கும். முக்கால் மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். மிச்சம் இருந்தால் தக்கையை அடைத்து பிரிட்ஜிலேயே இரண்டு நாள் வைக்கலாம். மிளகாய் தூக்கலான கறியோடு வேண்டாம், நாக்கில் எரிச்சல்தான் மிஞ்சும். வாத்து ரோஸ்ட், காளான், காரம் குறைத்த கோழி, இவற்றோடு நன்றாகப் போகும். பண்டிகைக்கு என்று வைத்திருந்து, மின்வெட்டிலும் வெயிலிலும் மூன்று வருடம் வேக விடாதீர்கள். வந்த மாதத்திலேயே திறந்துவிடுங்கள்.

பெட்டியில் வைக்கும்போது ஆளுக்கொரு வேட்டியாகச் சுற்றி, துணிகளுக்கு நடுவில் படுக்கவைக்க வேண்டும். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.