மாத்திரை சாப்பிடும்போதே ரத்தக்கறை... கர்ப்பமாக இருக்குமோ?

கேள்வி: என் வயது 27. இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாலா-என் மாத்திரையை இரண்டு மாதங்களாகச் சாப்பிடுகிறேன். இப்போது அட்டையில் பாதி முடிந்திருக்கும்போதே, நான்கு நாள்களாக உள்ளாடையில் பழுப்பு நிறக் கறை படுகிறது. போன வாரம் உறவினர் திருமணத்துக்குப் போன இடத்தில் ஒரு மாத்திரையை மறந்து, மறுநாள் காலையில் சாப்பிட்டேன். 'உன் வீட்டுக்காரர் வயிற்றில் இருந்தபோது எனக்கும் இப்படித்தான் பட்டது' என்கிறார் மாமியார். கர்ப்பமாக இருக்குமோ? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

மகப்பேறு மருத்துவர் பதில்: நிறுத்த வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கறையைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்திவிட்டு, அதன் பிறகு நிஜமாகவே கர்ப்பமாகி வருபவர்கள் உண்டு.

இந்த மாத்திரையிலுள்ள ஹார்மோன்கள் கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கின்றன. கூடவே கர்ப்பப்பையின் உள்சவ்வையும் மெலிதாக்குகின்றன. உடல் பழகும்வரை அந்தச் சவ்வு அங்கங்கே உதிரும். முதல் மூன்று மாதங்களில் இது சகஜம். மாத்திரையை மறந்தாலும், தினமும் நேரம் மாற்றிச் சாப்பிட்டாலும்கூடக் கறை படலாம்.

ஒரு மாத்திரையை மறந்து மறுநாள் காலையிலேயே சாப்பிட்டதால் உங்களுக்குப் பாதுகாப்பு குறையாது. தொடர்ந்து இரண்டு அல்லது அதற்கு மேல் விட்டுப்போனால்தான் சிக்கல். அப்போது நினைவு வந்ததும் ஒன்றைச் சாப்பிட்டு, தினம் ஒன்றாகத் தொடருங்கள். 7 நாள்களுக்கு ஆணுறையும் தேவை. அட்டையின் கடைசி 7 மாத்திரைகள் வெறும் இரும்புச்சத்து. அவற்றை மறந்தால் பாதுகாப்புக்கு ஒன்றும் ஆகாது. காசநோய்க்கும் வலிப்புக்கும் தரும் சில மருந்துகள் மாத்திரையின் பலனைக் குறைக்கும். அப்படி ஏதாவது சாப்பிடுகிறீர்களா? மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மாமியார் சொல்வதும் பொய்யில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் சிலருக்கு லேசாகப் படும். கறையை மட்டும் பார்த்து எதுவென்று சொல்ல மருத்துவராலும் முடியாது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் வாரத்தில் வழக்கமான ரத்தப்போக்கு வரவில்லை என்றால், மருந்துக்கடையில் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை வாங்கிக் காலையில் முதல் சிறுநீரில் பாருங்கள். மாத்திரையின் ஹார்மோன் அந்த முடிவை மாற்றாது. ஒருவேளை கர்ப்பம் என்றே வந்தாலும், தெரியாமல் சாப்பிட்ட மாத்திரையால் குழந்தைக்குக் குறை வரும் என்று பயப்பட வேண்டாம்; அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மூன்று மாதங்களுக்குப் பிறகும் கறை தொடர்ந்தாலோ, உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ பரிசோதனைக்குப் போக வேண்டும். அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி, மயக்கம், நாப்கின் அடிக்கடி நனையும் அளவுக்குப் போக்கு என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.