தண்ணியில கோடு கிழிச்சவங்களே!

கோட்டைப்பட்டினம் கரையில நின்னு பார்த்தா, கண்ணுக்கு எட்டின மட்டும் ஒரே தண்ணிதான். எங்கே இருக்கு உங்க கோடு? வாக்கப்பட்டு வந்து 22 வருசமாச்சு, ஒருநாளும் நான் பார்த்ததில்லை. ஆனா என் குடும்பத்தை ரெண்டாக் கிழிச்சது அந்தக் கோடுதான்.

அது ஒரு சனிக்கிழமை. டோக்கன் வாங்கி, ஐஸ் ஏத்தி, தூக்குவாளியில சோறும் கருவாட்டுக் குழம்பும் வாங்கிக்கிட்டுப் போனார் எங்க வீட்டுக்காரர். "விடிய வந்துடுவேன்"னார். விடிஞ்சுது. மத்த போட்டெல்லாம் கரை திரும்புச்சு. எங்க போட்டு வரலை. எல்லை தாண்டிட்டாங்கன்னு இலங்கைக் கடற்படைக்காரங்க பிடிச்சு வச்சிருக்காங்கன்னு மத்தியானம்தான் போன் வந்தது.

மூணு மாசம் ஜெயில். அவர் வந்தார், போட்டு வரலை. என் தாலிச் சங்கிலியை அடகு வச்சு வாங்கின போட்டு. அரசுடைமைன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. தூக்குவாளியும் அதோட போச்சு. கடன் மட்டும் வீட்டுல இருக்கு.

யாரைக் கேட்டுக் கிழிச்சீங்க இதை? 1974 ஜூன்ல இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. 285 ஏக்கர் கச்சத்தீவு அந்தப் பக்கம் போச்சு. மீனவங்களும் அந்தோணியார் கோயிலுக்குப் போறவங்களும் முன்ன மாதிரியே போய் வரலாம்னு அஞ்சாவது பிரிவுல எழுதினாங்க. ரெண்டே வருசம்தான். 1976 மார்ச்சுல ரெண்டு அரசாங்கமும் மாத்திக்கிட்ட கடிதத்துல, ஒருத்தர் கடல்ல இன்னொருத்தர் மீன் பிடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. அப்போ தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைச்சு ரெண்டு மாசம்கூட ஆகலை. எங்களுக்காகக் கேட்கச் சட்டசபைகூட இல்லாத நேரம் பார்த்தா எழுதுவீங்க?

பேராசைக்காரங்கன்னு எங்களைச் சொல்றீங்க. இழுவை மடியைக் கொண்டாந்தது யாரு? எறாலுக்கு வெளிநாட்டுல நல்ல விலைன்னு ஆசை காட்டி, கடனும் மானியமும் கொடுத்தது அரசாங்கம் இல்லையா? இன்னிக்கு அதே மடி யாழ்ப்பாணத்து மீனவன் வலையை அறுக்குது. அதை நான் மறைக்க மாட்டேன். போர்ல எல்லாத்தையும் இழந்துட்டு, பத்து வலை வாங்கிக் கடலுக்கு வந்தவன் அவன். அவன் பொண்டாட்டி அழறதும் தமிழ்லதான். எங்க ரெண்டு பேரையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறது யாரு?

2017ல ஆழ்கடலுக்குப் போங்கன்னு திட்டம் கொடுத்தீங்க. 80 லட்ச ரூபா போட்டு. 8 லட்சம் நாங்க போடணும், 16 லட்சம் கடன். அடகுக்கடை வாசல்ல நிக்கிறவ அதுக்கு எங்கே போவேன்?

வடக்கே சியாச்சின் பனிமலையில, கோடு போடாம விட்ட இடத்துக்காக 1984லேர்ந்து இந்தியா, பாகிஸ்தான் ரெண்டு நாட்டுப் படையும் நிக்குது. அங்கே செத்தவனைத் தேசியக் கொடி போர்த்திக் கொண்டாராங்க. செய்யட்டும், அந்தத் தாய்க்கும் வயிறு எரியத்தான் செய்யும். கோடு போட்ட கடல்ல செத்தவனுக்கு? 2021 அக்டோபர்ல எங்க ஊர்ப் போட்டு நடுக்கடல்ல முங்குச்சு. ஒரு பிள்ளையைப் பெட்டியில வச்சு, அந்த எல்லையிலதான் கை மாத்திக் கொடுத்தாங்க. அன்னிக்குத்தான் எங்க கண்ணுக்குக் கோடு தெரிஞ்சுது.

தேர்தல் வந்தா எல்லாருக்கும் கச்சத்தீவு ஞாபகம் வருது. 2025 ஏப்ரல்ல சட்டசபையிலயும் தீர்மானம் போட்டாச்சு. ஐயா, தீவைப் பத்தி நீங்க பேசிக்கோங்க. அதுக்கு முன்னாடி, ரெண்டு கரை மீனவங்களையும் ஒரே பாய்ல உட்காரவச்சுப் பேசவிடுங்க. அவங்க சொல்றதைக் கேட்டு எழுதுங்க. ஒரு தடவையாவது எங்களைக் கேட்டு எழுதுங்க.

இன்னிக்கும் சனிக்கிழமை. எங்க வீட்டுக்காரர் கேரளாவுல அடுத்தவர் போட்டுல கூலிக்குப் போறார். என் மூத்தவன் விடியக்காலையில டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போயிருக்கான். அவனுக்குப் புதுத் தூக்குவாளி வாங்கிக் கொடுத்திருக்கேன்.