சாவி இடுப்பில் இருக்கட்டும்

இவ்வாரம் படித்தவற்றுள் பெரியவர்களுக்குப் பயன்படும் நான்கு செய்திகளைத் தொகுத்து அளிக்கிறேன். ஒன்று கமுதி மண்ணிலிருந்து. மற்றவை எல்லா ஊருக்கும் பொதுவானவை.

வெயிலின் விளைச்சல்

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நின்று நவகிரகங்களை வழிபடுவோர் முதலில் வணங்குவது சூரிய பகவானை. அவர் நம் மாவட்டத்துக்கு அளிக்கும் வெயிலில் குறைவு வைத்ததே இல்லை. அந்த வெயிலில் காய்ந்து சிவந்த இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே, 2016 செப்டம்பரில், கமுதி அருகே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் தொடங்கப்பட்டது. சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் தகடுகள். அன்றைக்கு ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களுள் உலகிலேயே மிகப் பெரியது என்று பேசப்பட்டது. தகடுகளில் படியும் புழுதியைத் துடைக்க இயந்திரங்கள் உண்டு.

இப்பொழுது அதே தகடு நம் மாடிக்கும் வருகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி, வீட்டுக் கூரையில் 1 கிலோவாட் அமைத்தால் ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம். மானியம் வங்கிக் கணக்கிலேயே வரவாகும். ஆகையால், “மானியத்தை நாங்கள் வாங்கித் தருகிறோம்” என்று கூறி எவரேனும் கைப்பணம் கேட்டால் கொடுக்க வேண்டா.

தபால்காரரும் ஒரு துணை

ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று அளிப்பதற்காக வங்கி வாசலில் காத்திருந்த நாட்கள் மறைந்து வருகின்றன. 2014 நவம்பரில் மின்னணு முறை வந்தது. கைரேகை தேய்ந்த முதியோருக்கென 2021இல் முகத்தைக் காட்டிப் பதியும் வசதியும் சேர்ந்தது. பிள்ளைகளின் கைபேசியிலேயே இதனை முடிக்கலாம். பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் அஞ்சலகத்தில் சொல்லி வைத்தால் போதும்; சிறு கட்டணத்தில் தபால்காரரே வீடு தேடி வந்து பதிந்து தருவார்.

தொலைபேசியில் வரும் ‘கைது’

“உங்கள் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப் பொருள் இருக்கிறது. வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது” என்று கைபேசித் திரையில் காக்கி உடையில் ஒருவர் மிரட்டுவார். சேமிப்பு முழுவதையும் ‘சோதனைக்காக’ வேறு கணக்குக்கு மாற்றச் சொல்வார். இதற்கு ‘டிஜிட்டல் கைது’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் எங்குமே இல்லை. 2024 அக்டோபரில் பாரதப் பிரதமரே வானொலியில் இதுபற்றி எச்சரித்தார்.

தனிமையும் மானத்துக்கு அஞ்சும் மனமுமே இம்மோசடிக்காரர்களின் முதலீடு. அழைப்பைத் துண்டித்துவிட்டு, மகனிடமோ மகளிடமோ அண்டை வீட்டாரிடமோ உடனே சொல்லிவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழையுங்கள். விரைந்து சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு.

எழுதிக் கொடுக்குமுன்

இவ்வாரச் செய்திகளுள் என் மனத்தில் நெடுநேரம் தங்கியது இதுவே. மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் 2019இல் தம் சொத்தை மகனுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். பெற்றோரைக் கடைசி வரை காப்பதாக மகனும் எழுதிக் கொடுத்ததாகத் தாய் கூறினார். வாக்கு காப்பாற்றப்படவில்லை என்று அவர் முறையிட, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2025 ஜனவரி 2 அன்று, தானப் பத்திரம் செல்லாது, சொத்து தாய்க்கே திரும்ப வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

இதற்கு அடிப்படை, 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. ஆனால் 2022 டிசம்பரில் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், பராமரிப்பேன் என்ற நிபந்தனை இருந்ததாக நிரூபிக்கப்படாவிடில் இப்பிரிவு துணை வராது என்றும் கூறியிருக்கிறது. எனவே, தானமாக எழுதுவோர் உணவு, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் செய்ய வேண்டும். அதைவிட உயில் எழுதுவது மேல். உயிருள்ளவரை சொத்து நம்முடையதாகவே இருக்கும், வேண்டும்போது மாற்றியும் எழுதலாம்.

முறையிட நேர்ந்தால் முதற்படி வருவாய்க் கோட்ட அலுவலகம். கமுதி வட்டத்தாருக்கு அது பரமக்குடி. வழிகாட்டுதல் வேண்டுவோர் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

“பெற்ற பிள்ளையிடமா நிபந்தனை?” என்று மனம் கூசும். தசரதச் சக்கரவர்த்தி எவ்வரம் என்று வரையறுக்காமல் கொடுத்த வாக்கு அயோத்தியை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை நாம் அறிவோம். கைகேயி அயலாள் அல்லள், அன்புக்குரிய மனைவிதான். நிபந்தனை என்பது சந்தேகமன்று. பிற்காலத்தில் பிள்ளை தவறிழைக்காதபடி நாம் போடும் வேலி. நல்ல பிள்ளைக்கு அந்த வேலி ஒரு நாளும் உறுத்தாது.

நம் பாட்டிமார் பெட்டியைப் பேரப்பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியோடு திறந்து காட்டினர். சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டனர். அன்பாகக் கொடுங்கள், சாவி உங்களிடமே இருக்கட்டும்.