கரீபா அணையின் கணக்கில் ஏறாதவை

மின்சாரம் வேண்டாமென்பார் இன்று எவருமிலர். ஆயின் அதன் விலையைச் செலுத்துவோர் யாவர் என்று ஆராயப் புகுவோர், ஆபிரிக்காவின் சாம்பேசி நதிக்கரைக்கு ஒருமுறை மனத்தாலேனும் சென்று வருதல் நன்று.

சாம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் இடையே நிற்கும் கரீபா அணைக்கு 1956இல் உலக வங்கி எட்டுக் கோடி டொலர் கடனளித்தது. அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்த டொங்கா மக்கள் ஏறத்தாழ 57,000 பேர் குடிபெயர்க்கப்பட்டனர். சிப்பெப்போ என்னும் தலைவரின் மக்கள் அசைய மறுத்தனர். 1958 செப்டெம்பரில் துப்பாக்கிகள் முழங்கின. எட்டுப் பேர் மாண்டனர். அவ்வாண்டு டிசெம்பரில் ஆறு அடைபட்டது.

துப்பாக்கிச் சூட்டை வரலாறு குறித்துக்கொண்டது. மற்றைய இழப்புகளோ சத்தமின்றி நிகழ்ந்தவை. பெருகி வடியும் ஆறு விட்டுச்சென்ற ஈரவண்டலில் அம்மக்கள் கோடையிலும் பயிரிட்டனர். மழை பொய்த்த ஆண்டில் உயிர் காத்தது அதுவே. மேட்டுநிலத்தில் அவ்வண்டல் ஏது? லுசித்து என்னும் புதிய இடத்தில் 1959இல் ஐம்பதுக்கு மேற்பட்டோர் திடீரென இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. காரணம் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. பழக்கமில்லாக் காட்டுச் செடிகளின் நஞ்சென்று ஐயுற்றோர் உண்டு. எந்த இலை உணவு, எந்த இலை நஞ்சு என்னும் அறிவுக்கு எந்த அதிகாரி நட்டஈடு மதிப்பிடுவார்?

இரு கரையிலும் உறவினர் வாழ்ந்தனர். ஓடம் ஏறினால் மாமன் வீடு. அங்கே கடல் போன்ற ஏரி விரிந்தது. 1965இல் ரொடீசியா தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தபின் அது பகைநாட்டு எல்லையுமாயிற்று. மின்சாரமோ தொலைவிலுள்ள செப்புச் சுரங்கங்களுக்குச் சென்றது. இடம்பெயர்ந்தோரின் ஊர்கள் பல பத்தாண்டுகள் இருளிலேயே கிடந்தன. 2024இன் வறட்சியில் ஏரி வற்றியபோது சாம்பிய நகரங்களும் அவ்விருளை அறிந்தன.

இடப்பெயர்வின் அபாயங்களை எட்டாக வகுத்தார் சமூகவியலறிஞர் மைக்கேல் செர்னியா. நிலம், தொழில், வீடு ஆகியவற்றை இழத்தல், பசி, நோய் என்று செல்லும் அவ்வரிசையில், சமூகப் பிணைப்பு அறுதலையே நாம் மிகக் கொடியதாகக் கருதுகிறோம். நிலத்துக்கு நிலம் தரலாம். அயலவருக்கு அயலவர் தருதல் எங்ஙனம்?

டொங்கா மக்களை 1956 முதல் ஆராய்ந்த இருவருள் ஒருவரான தேயர் ஸ்கடர், 1979 முதல் நமது மகாவலிக் குடியேற்றங்களையும் ஆராய வந்தார். கொத்மலையிலும் விக்டோரியாவிலும் வீடிழந்து, மலையின் குளிரிலிருந்து வரண்ட சமவெளிக்கு இறங்கியோர் பலர் அங்கிருந்தனர்.