எக்ஸ்ரே எடுக்குறவங்கன்னா அவ்ளோ இளக்காரமா?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா பாபநாசம். கமல் படத்துல வர்ற பாபநாசம் இல்லீங்க, அது திருநெல்வேலிப் பக்கம். எங்களுது தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல. யார்கிட்ட ஊர் பேரைச் சொன்னாலும் கூடவே இதையும் சொல்ல வேண்டியதா இருக்கு.

வீட்டுக்குள்ள நுழையும்போதே பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருந்துச்சு. சித்தப்பா பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா. பயோ-மேத்ஸ் குரூப், மார்க்கும் நல்ல மார்க். அவளுக்கு பி.எஸ்சி ரேடியாலஜி படிக்கணுமாம். சித்தப்பாவுக்கு அவ என்னை மாதிரியே கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சு, என்னை மாதிரியே சென்னையில ஏசி ரூம்ல உக்காந்து பொட்டி தட்டணும். "நாலு பேரு கேட்டா என் பொண்ணு எக்ஸ்ரே எடுக்குறான்னாடா சொல்றது?"

பக்கத்து வீட்டுப் பெரியம்மா தன் பங்குக்கு எடுத்துக் குடுத்தாங்க. "அந்த ரூமுக்குள்ளயே கெடந்தா கதிரு உடம்புல ஏறிடுமாம், புள்ள தங்காதாம். அப்புறம் எவன் வந்து கட்டுவான்?"

அங்க நான் வாயைத் திறக்கல. சாப்பாடு முக்கியம் :-) ஆனா திரும்பி வர்ற பஸ்ல தூக்கம் வரல. அதனால அங்க பேசாததை எல்லாம் இங்க பேசிடறேன். சித்தப்பாவுக்கு மட்டும் இல்ல, "எக்ஸ்ரேயா? ஒரு பட்டனை அமுக்குறதுதானே"ன்னு நக்கல் அடிக்கிற நம்ம பொட்டி தட்டும் சங்கத்து ஆளுங்களுக்கும் சேர்த்துத்தான்.

மொதல்ல அந்தக் கதிரு. எக்ஸ்ரே மிஷின்ல கதிர் வர்றது படம் எடுக்குற அந்த நொடியில மட்டும்தான். டியூப்லைட்டை அணைச்சா ரூம்ல வெளிச்சம் மிச்சம் இருக்குமா? அதே கதைதான் இங்கயும். சுவத்துலயும் படியாது, துணியிலயும் ஒட்டாது. எடுக்குறவங்க தடுப்புக்குப் பின்னாடி நிப்பாங்க, கிட்ட நிக்க வேண்டி வந்தா ஈய ஏப்ரன் போட்டுக்குவாங்க. நெஞ்சுல டிஎல்டி பேட்ஜ் ஒண்ணு குத்தியிருக்கும். மூணு மாசத்துக்கு ஒருதடவை அதை அனுப்பி, எவ்வளவு கதிர் பட்டுச்சுன்னு கணக்கு எடுப்பாங்க. நம்ம நாட்டுல அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வெச்சிருக்கிற வரம்பு அஞ்சு வருஷ சராசரியா வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு வருஷத்துலயும் 30ஐத் தாண்டக் கூடாது. சும்மா பூமியில உயிரோட இருக்குறதுக்கே மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் உலக சராசரியா 2.4 நமக்குக் கிடைச்சுக்கிட்டுதான் இருக்கு. வேலை பாக்குற பொண்ணு கர்ப்பம்னு சொல்லிட்டா, அதுக்கப்புறம் வயித்துப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல போகக் கூடாதுன்னு தனியா விதி இருக்கு.

பெரியம்மாவோட பயம் ஒரேடியா கட்டுக்கதைன்னு சொல்ல மாட்டேன். 1895ல ரான்ட்ஜன் இதைக் கண்டுபிடிச்ச புதுசுல யாருக்கும் ஒண்ணும் தெரியாது. டியூப் வேலை செய்யுதான்னு பாக்க, தன் கையையே குறுக்க நீட்டிப் பாத்திருக்காங்க. எடிசனோட உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அப்படி வேலை செஞ்சு ரெண்டு கையையும் இழந்து, 1904ல செத்தே போனார். எடிசன் அதோட எக்ஸ்ரே பக்கமே தலை வெச்சுப் படுக்கல. ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்துல இப்படி இறந்தவங்களுக்காக 1936ல ஒரு நினைவுத் தூணே வெச்சாங்க. இன்னைக்கு இருக்குற ஏப்ரன், பேட்ஜ், வரம்பு எல்லாம் அந்தச் சாவுகள்ல இருந்து கத்துக்கிட்டது.

சரி, பட்டனை அமுக்குற வேலைக்கு வருவோம்.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க அப்பாயி கொல்லைப்பக்கம் வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்புல வலி. பக்கத்துல ஒரு ஸ்கேன் சென்டருக்குத் தூக்கிட்டுப் போனோம் (பேரு வேணாம்). அங்க இருந்த பையனுக்கு இருபது வயசு இருக்கலாம். மல்லாக்கப் படுக்க வெச்சு ஒரே ஒரு படம். காலை நேரா வெச்சுப் பாக்கல, பக்கவாட்டுல எடுக்கல. "ஒடைஞ்ச மாதிரி தெரியல, ரத்தக்கட்டா இருக்கும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஒம்போது நாள் அப்பாயி அந்த வலியோட கெடந்தாங்க.

அப்புறம் தஞ்சாவூர் கொண்டு போனோம். அங்க எடுத்தது ஒரு அக்கா. "ஆத்தா, நீங்க ஒண்ணும் அசைய வேணாம், நான் பாத்துக்கறேன்"னு சொல்லிட்டு, நல்ல காலை மட்டும் மெதுவா தூக்கி ஒரு திண்டு மேல வெச்சாங்க. அடிபட்ட காலைத் தொடவே இல்ல. மிஷினைப் படுக்கைவசமா திருப்பி, கதிர் பக்கத்துல இருந்து வர்ற மாதிரி ஒரு படம். தொடை எலும்போட கழுத்துல விரிசல் பளிச்சுன்னு தெரிஞ்சுது. மிஷின் ரெண்டு எடத்துலயும் இருந்துச்சு, பட்டனும் இருந்துச்சு.

நெஞ்சுப் படத்துல கூட இதே சமாச்சாரம்தான். தோளை முன்னாடி தள்ளி நிக்க வைக்கலைன்னா தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல வந்து விழும். உடம்பு கொஞ்சம் திரும்பியிருந்தாலோ, மூச்சை முழுசா இழுக்கலைன்னாலோ இல்லாத வியாதி இருக்குற மாதிரி தெரியும். படுக்க வெச்சு முன்பக்கமா எடுத்தா இதயம் இருக்குறதை விடப் பெருசா தெரியும். படம் சரியா இல்லைன்னா திரும்ப எடுக்கணும். கதிரு கதிருன்னு பயப்படுறோமே, தேவையில்லாம நம்ம மேல விழுற கதிர் அதுதான்.

அந்த ஸ்கேன் சென்டர் பையன் மேல எனக்குக் கோவம் இல்ல. பேச்சுக் குடுத்தப்ப, ஏதோ ஆறு மாச சர்டிபிகேட் கோர்ஸ் படிச்சேன்னான். சட்டையில பேட்ஜைக் காணோமேன்னு கேட்டேன். "டிராயர்ல இருக்குண்ணே, இன்ஸ்பெக்‌ஷன் வந்தா மாட்டிக்குவேன்"னு சிரிச்சான். அப்ப மூணு மாசத்துக்கு ஒருதடவை அளக்குறது டிராயர் மேல பட்ட கதிரைத்தான்! பெரியம்மா பயப்பட வேண்டியது இதுக்கு. கம்மிச் சம்பளத்துக்குப் படிக்காத பையனை உக்கார வெச்சு, அவன் உடம்பையும் நோயாளி உடம்பையும் சேர்த்துக் கெடுக்குற முதலாளியைப் பாத்து. இது ஒரு வேலையே இல்லைன்னு நாம இளக்காரமா பேசப் பேச, அந்த முதலாளிக்குத்தான் வசதி. யாரை உக்கார வெச்சாலும் எவன் கேக்கப் போறான்?

படிக்க ஒழுங்கான வழி இருக்கு. எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ மூணு வருஷப் படிப்பு, அதுக்கு மேல ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில பயிற்சி. இடம் குடுக்குறது பிளஸ் டூ மார்க்கை வெச்சு. இந்த மாதிரி தொழில்களுக்குன்னே 2021ல நாடாளுமன்றத்துல தனிச் சட்டமும் வந்தாச்சு, ரேடியாலஜி டெக்னாலஜியும் அதுல இருக்கு. தனியார்ல ஆரம்பச் சம்பளம் கம்மிதான், மறைக்கல. என் கூட என்ஜினியரிங் முடிச்சவன்ல பாதிப் பேரு என்ன சம்பளத்துக்குச் சேர்ந்தான்னு சித்தப்பாவுக்கு யாரு சொல்றது?

"ஏஐ வந்துட்டா எக்ஸ்ரே வேலையெல்லாம் போயிடும்"னு ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான். 2016லயே ஜெஃப்ரி ஹிண்டன், படத்தைப் படிச்சுச் சொல்ற டாக்டர்களையே இனிமே உருவாக்க வேணாம்ங்கிற மாதிரி பேசினார். அவங்க இன்னும் வேலை பாத்துக்கிட்டுதான் இருக்காங்க. 2024 டிசம்பர்ல ஆரம்பிச்ச நூறு நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்துல, கையில தூக்கிட்டுப் போற எக்ஸ்ரே மிஷினை ஊர் ஊரா கொண்டு போனாங்க. படத்தைப் பாத்துச் சொல்ல சாஃப்ட்வேர் இருக்கு, சரி. தள்ளாத பெரியவரை நிக்க வெச்சு, தோளைச் சரி பண்ணி, "மூச்சை நல்லா இழுத்துப் புடிங்க தாத்தா"ன்னு சொல்ற சாஃப்ட்வேரை எவனும் எழுதல. ஏஐ மொதல்ல புடுங்க வந்திருக்கிறது நம்ம ஆணியைத்தான் மக்களே.

என்ஜினியர்னாதான் மதிப்புங்கிற சித்தப்பாவுக்கு இன்னொரு தகவல். ரான்ட்ஜன் ஜூரிச்ல படிச்சது மெக்கானிக்கல் என்ஜினியரிங். 1901ல இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான் கிடைச்சுது, எக்ஸ்ரேவுக்காக.

நேத்து ராத்திரி தங்கச்சி போன் பண்ணா. சித்தப்பா இன்னும் முழுசா இறங்கி வரல, ரெண்டுக்கும் அப்ளிகேஷன் போடச் சொல்லியிருக்காராம். அப்பாயி இப்ப கம்பு ஊனி நடக்குறாங்க. விஷயத்தைக் கேட்டுட்டு அவங்க சித்தப்பாகிட்ட, "என் காலைத் தொடாம படம் புடிச்சாளே, அந்தப் பொண்ணு படிச்ச படிப்பாடா?"ன்னு கேட்டாங்களாம். சித்தப்பா பதில் சொல்லாம வயலுக்குக் கிளம்பிட்டாராம்.