சங்கரின் இன்னொரு மூவர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து 1986-ல் ஒரு இஞ்சினியரை மெஷின் பயிற்சிக்காக மூன்று மாதம் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். எனக்கு மட்டும் கூடவே ஒரு கேசட். "உங்களுக்கு வயலின்னா பிடிக்குமே சார், கேட்டுட்டுக் குடுங்க" என்றார். அங்கே அவர் தங்கியிருந்த வீட்டுக்காரரின் இசைத்தட்டிலிருந்து பதிந்துகொண்டு வந்தது. அழிந்துவிடக் கூடாது என்று கேசட்டின் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்து வைத்திருந்தார். கேசட் காலத்து ஆசாமிகளுக்கு அது எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேலே பேனாவால் எல். சங்கர், விஷன் என்று எழுதியிருந்தது. எனக்கு ஏக குஷி. சங்கர் என்றால் நம் வயலின் லட்சுமிநாராயணாவின் மகன். லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் சங்கீதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு சென்னைக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் மூன்று பேருமே வயலின். மூத்தவர் எல். வைத்தியநாதன், 'ஏழாவது மனிதன்' படத்துக்கு இசையமைத்தவர். அடுத்தவர் எல். சுப்பிரமணியம். கடைசிதான் சங்கர். மூவரும் சேர்ந்து வாசித்த வயலின் கச்சேரிகளைப் பற்றிப் பழைய ரசிகர்கள் இன்றும் பேசுவார்கள். ஆக, ராகம் தானம் பல்லவி ஏதோ வரப்போகிறது என்று நினைத்துக் கேசட்டைப் போட்டேன்.

வந்தது வேறு. சங்கரோடு இருந்தவர்கள் இரண்டே பேர். நார்வேக்காரர் யான் கர்பாரெக், சாக்ஸஃபோன். டென்மார்க்காரர் பாலே மிக்கெல்போர்க், டிரம்பெட். 1983-ல் ஆஸ்லோவில் பதிவு செய்தது. மிருதங்கம் இல்லை, தபலா இல்லை, டிரம்ஸ் என்று தனியாக ஆள் இல்லை. அங்கங்கே லேசாக ஏதோ தட்டும் சத்தம் வரும், அவ்வளவுதான். வயலின் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தூரத்தில் சாக்ஸஃபோன் ஒரு முறை கூப்பிடும், பிறகு பேசாமல் இருக்கும். பத்து நிமிஷம் பொறுத்தேன். தொடையில் தாளம் போட வழியில்லை. "என்னங்க இது, யாரோ அழற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. நிறுத்திவிட்டேன்.

அடுத்து நான் செய்ததை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. மார்கழி மாதம். ரேடியோவில் ஒரு நல்ல கச்சேரி. வீட்டில் காலி கேசட் ஒன்றுகூட இல்லை. உடைத்த ஓட்டையில் செல்லோடேப்பை ஒட்டி, இரவல் வாங்கிய அந்தக் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் கச்சேரியைப் பதிந்துவிட்டேன். 'இந்த இரைச்சலை அவர் எங்கே கேட்கப் போகிறார்' என்பது என் எண்ணம். பொங்கல் கழிந்து செல்லோடேப்பைப் பிய்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "எப்படி இருந்தது?" என்றார். "பிரமாதம் சார்" என்றேன். அன்று ரேடியோவில் யார் பாடினார்கள் என்பதுகூட இப்போது எனக்கு நினைவில்லை.

சில வருஷம் கழித்து அதே நண்பர் நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு அரங்குக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். ஐரோப்பாவிலிருந்து வந்த மூன்று பேர். பியானோ, பெரிய பாஸ், டிரம்ஸ். டிரம்ஸ்காரர் தட்டியதைவிடத் தடவியதும் தேய்த்ததும்தான் அதிகம். பியானோக்காரர் எழுந்து உள்ளே கையை விட்டுக் கம்பியை மீட்டினார். இடைவேளையில் பாதிக் கூட்டம் காலி. நானும் பஸ்ஸைக் காரணம் சொல்லிக் கிளம்பத்தான் இருந்தேன். ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. நல்ல மிருதங்கக்காரர் பாடகரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்தப் பார்வை. இவர்கள் வாய்க்கு வந்தபடி வாசிக்கவில்லை, மற்றவர் சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. கேசட்டில் அந்தப் பார்வை தெரியாதல்லவா? கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். பிடித்தது என்று சொல்ல மாட்டேன். இரைச்சல் என்று சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

'விஷன்' என்னிடம் திரும்பி வர ரொம்ப நாள் ஆனது. அதை வெளியிட்டது ம்யூனிக்கில் 1969-ல் தொடங்கிய இ.சி.எம். என்ற கம்பெனி. 2017 நவம்பரில்தான் அவர்கள் தங்கள் பதிவுகளை இணையத்தில் கேட்க விட்டார்கள். பையன் என் போனில் தேடிப் போட்டுக் கொடுத்தான். குத்தம்பாக்கத்தில் காலை ஐந்து மணிக்கு, நெடுஞ்சாலை லாரிச் சத்தம் பெருகுவதற்கு முன், மாடியில் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். மொத்தம் ஐந்து உருப்படிகள், எல்லாம் சங்கர் அமைத்தவை. நான் அழித்த இரண்டாம் பக்கத்தை முதல் முறையாகக் கேட்டது அன்றுதான்.

இனி என் கட்சியைச் சொல்கிறேன். இந்தப் பதிவு நம் சங்கீதத்தின் கணக்கில் வர வேண்டியது. நாம்தான் சேர்க்காமல் விட்டுவிட்டோம்.

'சக்தி' என்றால் நமக்குப் பெருமை. அதிலும் சங்கர் இருந்தார். ஜான் மெக்லாக்லின், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் எல்லோரும் சேர்ந்து எழுபதுகளில் போட்ட போடு அப்படி. 2023-ல் வந்த புதிய சக்தி ஆல்பத்துக்குக் கிராமி கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதை நாம் சுலபமாகச் சொந்தம் கொண்டாடுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதில் வேகம் உண்டு, கணக்கு உண்டு, கோர்வை முடியும் இடம் தெரியும், கை தட்டலாம். அதைப் பார்த்துக் கிளம்பிய ஃப்யூஷன் கச்சேரிகள் பலவும் இன்று ஓட்டப் பந்தயமாகிவிட்டன. நீ இரண்டு ஆவர்த்தனம் ஓடு, நான் இரண்டு ஓடுகிறேன், கடைசியில் சேர்ந்து குதிப்போம். 'விஷன்' அப்படி ஓடவே இல்லை. அதனால் நம் கண்ணில் படவும் இல்லை.

"தாளம் இல்லாத சங்கீதம் என்ன சங்கீதம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நானே கேட்டவன்தான். அவர்களுக்கு ஒரு பெயரை நினைவுபடுத்துகிறேன்: டி.என். ராஜரத்தினம் பிள்ளை. அவர் தோடியை ஆலாபனை செய்யும்போது கூட்டம் நின்ற இடத்திலேயே நின்றது என்று என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தத் தோடிக்கு ஏது தாளம்? ஒத்து ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும், நாயனம் அதன்மேல் போய் வந்துகொண்டிருக்கும். நிலைத்து நிற்கும் ஒரு ஸ்வரம், அதன்மேல் அவசரமில்லாத ஒரு குரல். ஆஸ்லோவில் அந்த மூன்று பேர் செய்ததும் இதற்குத் தூரத்து உறவுதான். ராகம் வேறு, இலக்கணம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்கும் காதுக்கு வேண்டிய பொறுமை ஒன்றே.

வாத்தியமும் நமக்கு அந்நியமில்லை. சாக்ஸஃபோனைக் கத்ரி கோபால்நாத் நம் மேடையில் உட்கார வைத்துவிட்டார். வயலினும் ஒரு காலத்தில் கடல் கடந்து வந்ததுதான். சங்கர் இரண்டு கழுத்தும் பத்துத் தந்தியும் உள்ள வயலினைத் தானே யோசித்துச் செய்ய வைத்தார். கீழே டபுள் பாஸின் அடிக்குரல் முதல் மேலே வயலினின் உச்சிவரை அதில் பேசும். பாஸ் வாசிக்கத் தனி ஆள் இல்லாமலே இந்த மூவர் நிறைவாக ஒலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதே கம்பெனிக்காக 1980-ல் அவர் உமையாள்புரம் சிவராமனையும் ஜாகிர் உசேனையும் வைத்துக்கொண்டு ராகம் தானம் பல்லவி பதிவு செய்திருக்கிறார். அதை நாம் கச்சேரி என்று ஏற்றுக்கொள்கிறோம். மூன்று வருஷம் கழித்து அதே கை வாசித்தது மட்டும் எப்படி 'வெள்ளைக்காரன் பாட்டு' ஆகும்?

ஐரோப்பாவிலிருந்து வருவதெல்லாம் உசத்தி என்று நான் சொல்லவில்லை. இதே கர்பாரெக் 1972-ல் ஆரில்ட் ஆண்டர்சன், எட்வர்ட் வேசலா இருவரோடும் பதிந்த 'ட்ரிப்டிகான்' என்ற மூவர் ஆல்பத்தையும் கேட்டுப் பார்த்தேன். பழைய பாதையை உடைத்துக்கொண்டு கிளம்பிய இளைஞர்களின் வாசிப்பு. மூன்று முறை முயன்றும் எனக்கு ஒட்டவில்லை. ஒட்டாதது ஒட்டாததுதான். ஆனால் பத்து நிமிஷத்தில் தீர்ப்பு எழுதுவது வேறு, மூன்று முறை கேட்டுவிட்டு வேண்டாம் என்பது வேறு.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. பூந்தமல்லி பக்கம் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் பாருங்கள். நாயனக்காரர் ராகத்தை எடுத்து இரண்டு நிமிஷம் ஆவதற்குள் யாராவது கை காட்டுவார்கள், கெட்டிமேளத்துக்கோ சினிமாப் பாட்டுக்கோ. ஆஸ்லோ மூவரை என்னால் கேட்க முடியாமல் போனதற்கும், நம் நாயனக்காரரை நாம் வாசிக்க விடாததற்கும் காரணம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டு இடத்திலும் குறை காதில்தான் இருக்கிறது.

நம் வயதில் நேரத்துக்கு என்ன பஞ்சம்? விடியற்காலையில் ஒரு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. தாளத்தைத் தேடாதீர்கள். நாயனத்தில் ஆலாபனை கேட்பது போலக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் என்னைத் திட்டலாம்.

மாடியில் கேட்டு முடித்த அன்றே நண்பருக்குப் போன் போட்டேன். ரிட்டயரான பின் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். செல்லோடேப் விஷயத்தை ஒருவழியாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

சிரித்தார். "எனக்கு அப்பவே தெரியும் சார். திருப்பிக் குடுத்தீங்களே, போட்டுப் பார்க்க மாட்டேனா?"

"பின்ன ஏன் சார் ஒண்ணும் கேக்கலை?"

"பிரமாதம்னு சொன்னீங்களே, அப்புறம் என்னத்தைக் கேக்கிறது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கச்சேரியும் நல்லாத்தான் சார் இருந்தது" என்றார்.