ஊசி மட்டும் போதாது, அண்ணாச்சி

2024 பிப்ரவரி 28-ல் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து குலசேகரன்பட்டினத்தில் பேச்செல்லாம் வானத்தைப் பற்றித்தான். தேரி மணலில் கன்னி ஆடும் கொடி ஆடும் மேய்க்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால்தான் தரைக்கு இறங்க முடிகிறது. கால்நடைத் துறையைச் சீர்செய்ய வேண்டும், சர்வதேசத் தர அளவுகோலால் அதை அளந்து பார்க்க வேண்டும், சட்டத்தைக் கூர்மையாக்க வேண்டும் என்று யாராவது ஆரம்பித்தால், இந்தப் பக்கம் வரும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "அதெல்லாம் ஏற்றுமதிக்காரன் பாடு வே. நம்ம நாலு ஆட்டுக்கு நேரத்துக்கு ஊசி போட ஆள் வந்தாப் போதும்."

மருந்தகத்துக்குப் போனால் மருத்துவர் முகாமுக்குப் போயிருப்பார், முகாமுக்குப் போனால் மருந்து தீர்ந்திருக்கும். அந்த அலைச்சலை அறிந்தவர்கள் சொல்வது இது. கேலி செய்ய மாட்டேன். ஆனாலும் இது தவறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், "ஊசி போட்டாப் போதும்." இதற்கு வெக்கை நோயைவிட நல்ல பதில் கிடையாது. ஒரு காலத்தில் ஊர் ஊராகத் தொழுவத்தைக் காலி செய்த நோய் அது. சுதந்திர இந்தியா 1954-ல் தேசியத் திட்டம் போட்டு மாடுகளுக்குப் பெருமளவில் தடுப்பூசி போடத் தொடங்கியது. நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஒழியவில்லை, அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புகைந்துகொண்டே இருந்தது. நாட்டின் கடைசி வெக்கை நோய் 1995-ல் பதிவானது, அதுவும் தமிழ்நாட்டில்.

அதற்கு மேல் நடந்ததுதான் நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய இடம். நோயை ஒழித்துவிட்டோம் என்று நிரூபிக்க, ஊசியை நிறுத்த வேண்டியிருந்தது. ஊசி போட்ட மாட்டின் இரத்தத்திலும் எதிர்ப்புப் புரதம் இருக்கும், நோய் வந்து பிழைத்த மாட்டின் இரத்தத்திலும் இருக்கும். அன்றைய சோதனையால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஊசி போட்டுக்கொண்டே இருக்கிற ஊரில் நோய் மறைந்திருக்கிறதா, இல்லவே இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே படிப்படியாக ஊசியை நிறுத்தி, கிராமம் கிராமமாகத் தேடி, சந்தேகம் வந்த ஒவ்வொரு மாட்டையும் சோதித்து, முதலில் தற்காலிக விடுதலை, பிறகு நோயிலிருந்து விடுதலை, கடைசியாகக் கிருமித் தொற்றிலிருந்து விடுதலை என்று படிப்படியாக ஏறினார்கள். அந்தப் படிகளை வகுத்தது பாரிசிலிருக்கும் உலக விலங்கு சுகாதார அமைப்பு. 2006-ல் இந்தியா கடைசிப் படியை எட்டியது; 2011-ல் உலகமே எட்டியது. மனிதர் பெரியம்மைக்குப் பிறகு பூமியிலிருந்து ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் அது. ஊசி நோயைக் குறைத்தது. யார் எங்கே நோயைப் பார்த்தார்கள், யாரிடம் சொன்னார்கள், யார் வந்து சோதித்தார்கள் என்ற ஒழுங்குதான் அதை முடித்துவைத்தது.

உலக விலங்கு சுகாதார அமைப்பு பிறந்த கதையிலும் நமக்குப் பங்குண்டு. 1920-ல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேறிய திமில் மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. கூடவே வெக்கை நோயும் இறங்கியது. அது கொடுத்த பயத்தில்தான் 1924 ஜனவரி 25-ல் 28 நாடுகள் கூடி இந்த அமைப்பை உருவாக்கின. துறைமுக ஊர்க்காரர்களான நமக்கு இது புரியாத சங்கதியா? கப்பலில் வருவது சரக்கு மட்டும் அல்ல.

அடுத்தது, "ஏற்றுமதிக்காரன் பாடு." கப்பலை விடுங்கள், லாரியைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தை, சனிக்கிழமை எட்டயபுரம் சந்தை. பல மாவட்டத்து ஆடுகள் ஒரே கூட்டத்தில் மூச்சுவிட்டு, மாலையில் பல மாவட்டங்களுக்குப் பிரிந்து போகின்றன. தாமிரபரணிப் பாசனத்தில் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட வரும் கீதாரிகளின் ஆடுகள் ஊர் ஊராக நடக்கின்றன. நோய்க்கு ஏற்றுமதி உரிமம் தேவையில்லை.

ஆட்டுக்கொல்லி நோயையே எடுத்துக்கொள்வோம். காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல், பிறகு சாவு. இந்தியாவில் முதன்முதலாக இது கண்டறியப்பட்டது 1987-ல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். பார்ப்பதற்கு வெக்கை நோய் போலவே இருக்கும். இதன் கிருமியும் அதற்கு நெருங்கிய சொந்தம். தனி நோய் என்று பிரித்தறிய ஆய்வகம் வேண்டியிருந்தது. சில ஆண்டுகள் தென்னாட்டில் மட்டும் பதிவான நோய், 1994 வாக்கில் வடக்கேயும் பதிவானது. அரசூரில் எடுத்த கிருமியிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'அரசூர் 87' என்று ஒரு தடுப்பூசி வித்தை உருவாக்கியது. ஒரு தமிழ்க் கிராமத்தின் பெயர் மருந்துக் குப்பியில் ஏறியிருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? இப்போது 2030-க்குள் உலகத்தைவிட்டே இந்த நோயை விரட்ட இலக்கு வைத்திருக்கிறார்கள். இதில் ஆதாயம் அடையப்போவது யார்? ஐம்பதாயிரம் கோழி வைத்திருக்கும் பண்ணைக்காரரா, ஐந்து வெள்ளாடு வைத்திருக்கும் விதவைப் பெண்ணா?

ஏற்றுமதிக்காரரையும் ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். பறவைக் காய்ச்சலைக் காரணம் காட்டி அமெரிக்கக் கோழிப் பொருட்களுக்கு இந்தியா தடை போட்டிருந்தது. வழக்கு உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. 2014-ல் நடுவர் குழு, 2015 ஜூனில் மேல்முறையீட்டு அமைப்பு, இரண்டும் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. சர்வதேசத் தரவிதிகளையும் நோய் இல்லாத பகுதிகளையும் கணக்கில் எடுக்காமல், தனி அபாய ஆய்வும் இல்லாமல் நாடு முழுவதற்கும் தடை போட்டது செல்லாது என்பதே சாரம். தோல்விதான், ஆனால் அதே விதி நமக்கும் உதவுகிறது. எங்கோ ஒரு மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் வந்தால் நாமக்கல் முட்டையை ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையை அது தருகிறது. 2023-ல் தமிழ்நாடு உள்பட நான்கு மாநிலங்களில் 26 கோழிப் பண்ணைத் தொகுதிகள் பறவைக் காய்ச்சல் அற்றவை என்ற இந்தியாவின் அறிவிப்பை உலக விலங்கு சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்டது. தரவிதியைப் படித்தவன்தான் அந்த வாசலைத் திறக்க முடிந்தது.

"வெளிநாட்டான் வந்து நமக்கு மார்க் போடுவதா?" என்பது மூன்றாவது. ரோஷமான கேள்விதான். ஆனால் கால்நடைத் துறையை அளக்க உலக விலங்கு சுகாதார அமைப்பு நடத்தும் மதிப்பீட்டுக்கு எந்த நாடும் கட்டாயப்படுத்தப்படுவதில்லை. நாடே கேட்டால்தான் குழு வரும், நாடு சம்மதித்தால்தான் அறிக்கை வெளியே வரும். இதுவரை 140-க்கும் மேற்பட்ட நாடுகள் இந்த வழியில் இறங்கியிருக்கின்றன. அந்த அளவுகோலின் 2019-ல் வந்த பதிப்பில் 45 திறன்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகள். ஆள் போதுமா, மருந்து குளிர்ச்சி கெடாமல் ஊர் வந்து சேர்கிறதா, திடீர் நோய்க்குக் கையில் பணம் உண்டா, ஆய்வகம் நம்பத்தக்கதா, மருத்துவரின் முடிவில் அரசியல்வாதியோ வியாபாரியோ தலையிடுகிறார்களா என்றெல்லாம் கேட்பார்கள். சொல்லுங்கள், இதில் எந்தக் கேள்வி வெளிநாட்டுக் கேள்வி? நம் ஊர் மருந்தகத்து வாசலில் நின்று ஆட்டுக்காரர் கேட்பதும் இதையேதான். அவர் கேட்டால் யாரும் எழுதிவைப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். (பக்கத்தில் வரப்போகும் ஏவுதளத்தில் ஒவ்வொரு திருகையும் பத்துப் பேர் சரிபார்ப்பார்கள். அதை யாரும் அவமானம் என்று சொல்லக் காணோம்.)

அரசியல் சட்டத்தின் சிக்கலும் இந்த அளவீட்டில்தான் வெளிச்சத்துக்கு வரும். கால்நடை நோய்த் தடுப்பும் கால்நடை மருத்துவமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மாநிலம் விட்டு மாநிலம் நோய் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில். வெளிநாட்டுக்குப் பதில் சொல்வதோ தில்லி. உலகத்துக்கு வாக்குக் கொடுப்பவர் ஒருவர், ஊசி போட ஆள் அனுப்புகிறவர் இன்னொருவர். 2022-ல் தோல் கழலை நோய் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகளைச் சாய்த்தபோது, மாநில எல்லை அதற்கு ஒரு கோடாகவே தெரியவில்லை.

கடைசியாக, "சட்டம்தான் ஏற்கெனவே இருக்கே." இருக்கிறது. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2009. இந்தியாவின் சர்வதேசக் கடப்பாடுகளை நிறைவேற்றுவதும் தன் நோக்கம் என்று முகப்பிலேயே சொல்லும் சட்டம். பட்டியலில் உள்ள நோய் வந்ததாகச் சந்தேகம் எழுந்தால் கால்நடையின் சொந்தக்காரர் கிராம அலுவலரிடமோ ஊராட்சிப் பொறுப்பாளரிடமோ தெரிவிக்க வேண்டும். நோயுற்றதைத் தனியே பிரித்துக் கட்ட வேண்டும். சந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆட்டுக்குக் கழிச்சல் என்று வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு யாராவது போய் நீங்கள் பார்த்ததுண்டா? போனால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கே நினைவிருக்குமா?

புத்தகத்தில் இருக்கும் சட்டம் ஒரே நாளில் நிலத்துக்கு இறங்காது. திரும்பத் திரும்ப அளந்து திருத்த வேண்டும். டைக்ளோஃபெனாக் கதை அதற்குச் சாட்சி. மாட்டுக்குப் போட்ட அந்த வலிநிவாரணி, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-ல் கால்நடைக்கான தயாரிப்பு தடை செய்யப்பட்டது. உடனே மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுத் தொழுவத்துக்கு வந்தன. 2015-ல் மனிதருக்கான ஊசி மருந்தை 3 மில்லி ஒற்றைக் குப்பியாகச் சுருக்கினார்கள். 2023-ல் அசெக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் இரண்டையும் கால்நடைக்குத் தடை செய்தார்கள். ஒரு ஓட்டையை அடைக்கப் பதினேழு வருடம்.

2009 சட்டத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. அதை மீறினால் முதல் தடவை 1,000 ரூபாய் வரை அபராதம். ஒரு வளர்ந்த கிடாயின் விலைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. பறவைக் காய்ச்சலில் பண்ணைக் கோழிகளை அழித்தால் மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்து இழப்பீடு தருகின்றன. ஆனால் ஆட்டில் நோயை முதலில் பார்த்து முதலில் சொன்னவர், சொன்னதாலேயே சந்தையை இழப்பாரே, அதற்கு ஈடு என்ன? ஊசி போதும் என்பவர்களோடு நான் உடன்படும் இடம் இதுதான். நோயைச் சொல்வதைக் கடமை என்று மட்டும் எழுதி, சொல்வதன் நட்டத்தை ஏழையின் தலையில் வைக்கும் சட்டம் நோயை மறைக்கத்தான் கற்றுக்கொடுக்கும். சட்டமே வேண்டாம் என்பது அதற்கு மருந்தாகாது. சட்டத்தை அளந்து பார்க்கிற குழு வந்தால் இந்தக் கணக்கைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அதுவரை நடக்கப்போவது இதுதான். திங்கட்கிழமை ராத்திரி ஓர் ஆட்டுக்கு மூக்கொழுகும். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். விடிந்தால் மேலப்பாளையம் சந்தை.